ஆறாம் அத்தியாயம்: எஞ்சின் கொப்பி

காசல்ரீ நீர்த்தேக்கத்தில் இறங்கும் மிதவை விமானத்துக்கு எஞ்சின் ஒன்றுதான். மஸ்கெலியாவிலிருந்து ஒரு மலை தாண்டினால் வரும் அந்தத் தண்ணீர் கடல் மட்டத்துக்குச் சுமார் 3600 அடி மேலே இருக்கிறது. மஸ்கெலியாவின் சொந்த நீர்த்தேக்கமான மவுசாகலை அதைவிட இருநூறு அடிக்கு மேல் உயரம். சுற்றிவரத் தேயிலைச் சரிவு, அதற்கு மேல் காடு, பாதி நாள் மேகம். 2013இல் தொடங்கிய சினமன் ஏர் நிறுவனத்தின் செஸ்னா கேரவன்கள் கட்டுநாயக்க ஓடுபாதையில் சக்கரத்தில் ஓடி எழும்பி, ஏறத்தாழ அரை மணித்தியாலம் பறந்து, காசல்ரீயில் மிதவையால் இறங்குகின்றன. கொழும்பிலிருந்து ஹட்டனுக்கு ரயிலில் வந்தால் ஐந்து மணித்தியாலம் எடுக்கும் பயணம் அது.

இந்த நூலைக் கையில் எடுத்தவர்களில் பலர் பிசினஸ் ஜெட் வைத்திருக்கும் சிறு நிறுவனங்களில் வேலை செய்பவர்கள். அவர்களுக்கு ஒற்றை ப்ரொப்பெல்லர் மிதவை விமானத்தை உதாரணமாகக் காட்டுவானேன் என்று கேட்கலாம். ஜெட்டில் கணினி எல்லா எண்களையும் தானே வாங்கித் தானே அனுப்பிவிடும். எண் எங்கிருந்து வந்தது, எதனால் கெட்டது என்பது கண்ணில் படாது. காசல்ரீக்கு வந்துபோகும் கேரவனில் எல்லாம் வெட்டவெளிச்சம். கடலோர உப்பு, மலை உயரம், குளிர், குறுகிய பறப்பு, ஒரே எஞ்சின். ட்ரெண்ட் பார்க்கப் பழக இதைவிட நல்ல பள்ளிக்கூடம் இலங்கையில் இல்லை என்பது என் எண்ணம்.

சட்டமும் இதைத் தொட்டிருக்கிறது. ஒற்றை டர்பைன் எஞ்சின் விமானம் இரவிலோ மேகத்துக்குள்ளோ வணிக ரீதியில் பறக்க அனுமதி வேண்டுமானால், எஞ்சின் ட்ரெண்ட் கண்காணிப்பு இருக்கவேண்டும் என்பது சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐகாவோவின் விதி. 2005 ஜனவரி 1 முதல் முதன்முறையாகப் பறப்புத் தகுதிச் சான்று பெற்ற விமானமென்றால் அந்தக் கண்காணிப்பு தானியங்கியாகவே இருக்கவேண்டும். ஒரு இலட்சம் எஞ்சின் மணித்தியாலத்துக்கு ஒரு தடவைக்கும் குறைவாகவே சக்தி இழப்பு நேரலாம் என்ற அளவுகோலும் அதே விதிகளில் உண்டு. மலை நீர்த்தேக்கத்துக்குப் பகலில், கண்ணால் வழி பார்த்துத்தானே போகிறோம், இந்த விதி நமக்கில்லையே என்று வாதிடுபவர்களைப் பார்த்திருக்கிறேன். வாதம் சட்டத்துக்குச் சரி. பகலில் நின்ற எஞ்சினும் நின்ற எஞ்சின்தான்.

எதை எழுதுவது

கேரவன் 208இல் பரவலாக இருப்பது கனடாவின் பிராட் அண்ட் விட்னி செய்யும் பிடி6ஏ-114ஏ எஞ்சின். 675 குதிரைவலு. இதன் குடும்பம் பெரியது: இலங்கை விமானப்படையின் வை-12, உலகமெங்கும் ஓடும் கிங் ஏர் எல்லாம் பிடி6ஏ வகைதான். காற்று பின்பக்கமாக உள்ளே வந்து முன்னோக்கிப் போகும். கம்ப்ரஸர் அதை அமுக்கும். 14 நொசில்கள் எரிபொருளைத் தூவும். எரிந்த வாயு முதலில் கம்ப்ரஸர் டர்பைனைச் சுற்றும், அடுத்துப் பவர் டர்பைனைச் சுற்றும். இந்த இரண்டு டர்பைன்களுக்கும் இடையில் அச்சுத் தொடர்பு கிடையாது, நடுவில் வாயு மட்டும்தான். அந்த இடைவெளியில் அளக்கும் வெப்பத்தைத்தான் ஐடிடி என்கிறோம். கேரவனில் எழும்பும்போது அதன் எல்லை 805 பாகை செல்சியஸ்.

கொப்பியில் எழுதவேண்டியவை இரண்டு வகை. எஞ்சினுக்கு வெளியே உள்ள நிலைமை ஒன்று: வெளிக்காற்று வெப்பம், அமுக்க உயரம், காட்டும் வேகம். எஞ்சினின் நிலைமை மற்றது: டோர்க், ப்ரொப்பெல்லர் சுழற்சி, கம்ப்ரஸர் சுழற்சியான என்.ஜி., ஐடிடி, எரிபொருள் ஓட்டம். வெளி நிலைமையும் டோர்க்கும் ப்ரொப்பெல்லர் சுழற்சியும் இன்னதென்று சொன்னால், நல்ல எஞ்சினில் மற்ற மூன்றும் எவ்வளவு இருக்கவேண்டும் என்று உற்பத்தியாளரின் மென்பொருள் கணக்கிடும். நாம் எழுதியதற்கும் அது சொன்னதற்கும் உள்ள விலகலை நாள்வாரியாகப் புள்ளி வைத்தால் வருவதுதான் ட்ரெண்ட். புதிதாகப் பூட்டிய எஞ்சினின் முதல் சில வாரப் புள்ளிகள் பேஸ்லைன் ஆகும். எந்த எஞ்சினும் புத்தகத்து எஞ்சினைப் போல இராது. ஒன்று பிறக்கும்போதே பத்துப் பாகை சூடாக ஓடும், அது நோயல்ல, அதன் சுபாவம். பேஸ்லைனிலிருந்து விலகிப் போகிறதா என்பது மட்டுமே நமக்குக் கேள்வி.

மென்பொருள் இல்லாமலும் ஐடிடியை ஓரளவு சரிப்படுத்திப் பார்க்கலாம். ஒரு உதாரணக் கணக்கு. ஒரே விமானம், மூன்று நாள். 9500 அடி உயரம், வேகம், டோர்க், ப்ரொப்பெல்லர் சுழற்சி எல்லாம் மூன்று நாளும் ஒன்றே. திங்கட்கிழமை வெளிக்காற்று 9 பாகை, ஐடிடி 690. புதன்கிழமை வெளிக்காற்று 12, ஐடிடி 700. வெள்ளிக்கிழமை வெளிக்காற்று 6, ஐடிடி 695. எந்த நாள் கவலைப்படவேண்டிய நாள்? பத்துப் பேரிடம் கேட்டால் பெரும்பாலோர் புதன் என்பார்கள், எண் பெரியதாக இருப்பதால்.

ஐடிடியையும் வெளிக்காற்று வெப்பத்தையும் 273 கூட்டிக் கெல்வினாக்குங்கள். ஐடிடியை 288ஆல் பெருக்கி வெளிக்காற்றால் வகுத்து, மறுபடி 273ஐக் கழியுங்கள். கடல் மட்டத்துப் பொது நாளான 15 பாகைக்கு அந்த ஐடிடி எவ்வளவு என்று கிடைக்கும். திங்கள் 963ஐ 288ஆல் பெருக்கி 282ஆல் வகுத்தால் 983, கழித்தால் 710. புதன் 973, 285, அதே 710. ஆக இரண்டு நாளும் எஞ்சினில் மாற்றமே இல்லை, காற்றுத்தான் மாறியிருக்கிறது. வெள்ளி 968ஐ 288ஆல் பெருக்கி 279ஆல் வகுத்தால் 999, கழித்தால் 726. நடுத்தரமான எண்ணைக் காட்டிய அந்த நாளில்தான் எஞ்சின் 16 பாகை கூடுதலாகக் கொதித்திருக்கிறது. இது தோராயக் கணக்கு. உயரமும் டோர்க்கும் மாறினால் உடையும். ஆனால் விமானியறையின் முள்ளை மட்டும் பார்த்து நல்லது கெட்டது சொல்லக்கூடாது என்பதை இதைவிடச் சுருக்கமாகக் காட்ட எனக்குத் தெரியவில்லை.

எங்கே, எப்போது எழுதுவது

கட்டுநாயக்க–காசல்ரீப் பறப்பில் எழுதாதீர்கள். ஏறி முடிந்து, மட்டமாகப் போய், எஞ்சின் வெப்பம் அடங்கி நிலைப்பதற்குள் விமானி இறங்கத் தொடங்கியிருப்பார். சக்தியை மாற்றாமல் குறைந்தது மூன்று முதல் ஐந்து நிமிடம் மட்டப் பறப்பு வேண்டும். மலைப் பக்கத்தில் அந்த அமைதி கிடைக்காது. பள்ளத்தாக்குக் காற்று ஏற்றி இறக்கும், மேகத்தைச் சுற்றிப் போகவேண்டியிருக்கும். விமானம் அதே நாளில் திருகோணமலைக்கோ மட்டக்களப்புக்கோ போகுமானால் அந்த நீண்ட பறப்பில் ஒரு தடவை எழுதினால் போதும். நாளுக்கு ஒரு நல்ல புள்ளி, ஐந்து கெட்ட புள்ளிகளைவிட மேல்.

மலை உதவாது என்று இதற்கு அர்த்தமில்லை. கட்டுநாயக்கவில் எழும்பும்போது காற்று அடர்த்தி. விமானி டோர்க் எல்லையைத் தொடும்போது ஐடிடி இன்னும் எல்லைக்குக் கீழே நிற்கும். தேய்ந்த எஞ்சினும் அங்கே தன் தேய்மானத்தை மறைத்துக்கொள்ளும். காசல்ரீயில் பிற்பகல் 22 பாகை என்று வையுங்கள். அந்த உயரத்தில் பொது வெப்பம் 8 பாகை. 14 பாகை மிகுதி. ஒரு பாகைக்கு 120 அடி என்ற வழக்கமான கணக்கில், எஞ்சின் 5300 அடியில் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். ஐடிடிக்கும் 805க்கும் இடையிலான இடைவெளி இங்கேதான் சுருங்கும். விமானக் கையேட்டு அட்டவணை அந்த உயரத்துக்கும் வெப்பத்துக்கும் சொல்லும் டோர்க்கை, வெப்ப எல்லையையும் என்.ஜி. எல்லையையும் மீறாமல் எஞ்சின் தரவேண்டும். தருகிறதா, எத்தனை பாகை மிச்சம் வைத்துத் தருகிறது என்பதை மலையிலிருந்து எழும்பும் ஒவ்வொரு தடவையும் விமானி ஒரு வரியில் குறித்தால், அது ட்ரெண்ட் கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சாட்சியாக நிற்கும்.

சிவனொளிபாத மலை யாத்திரைக் காலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கில் முடிகிறது. மலைப் பக்கம் வானம் தெளிந்திருப்பதும், உல்லாசப் பயணிகள் கூடுவதும், விமானம் அதிகம் பறப்பதும் அந்த மாதங்களில்தான். மே மாதத்துக்குப் பிறகு தென்மேல் பருவமழை வந்தால் புள்ளிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகிவிடும். நீண்ட இடைவெளிக்குப் பின் வரும் முதல் புள்ளியைப் பழைய கோட்டோடு கண்ணை மூடிக்கொண்டு இணைக்காதீர்கள். நிறுத்தி வைத்திருந்த மாதங்களில் என்ன செய்தீர்கள், எதைக் கழற்றினீர்கள் என்பதை முதலில் கொப்பியில் எழுதுங்கள்.

பொய்ப் புள்ளிகள்

காலையில் காசல்ரீக் கரையில் பயணிகள் நடுங்கிக்கொண்டு ஏறுகிறார்கள். விமானி கேபின் சூட்டைப் போடுகிறார். அந்தச் சூடு எங்கிருந்து வருகிறது? கம்ப்ரஸரிலிருந்து பிடுங்கிய காற்றிலிருந்து. அதே டோர்க்கைத் தர எஞ்சின் இன்னும் கொஞ்சம் எரிபொருளைக் கேட்கும், ஐடிடி ஏறும். அன்றைய புள்ளி கோட்டுக்கு மேலே துள்ளி நிற்கும். கொழும்பில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்க்கும் பொறியியலாளருக்குக் குளிர் தெரியாது. கேபின் சூடு திறப்பா மூடலா என்று கொப்பியில் ஒரு கட்டம் இருக்கவேண்டும். புள்ளி எடுக்கும்போது எப்போதும் மூடியே இருப்பது அதைவிட நல்லது. காற்றுவாயில் இருக்கும் தடுப்பும் அப்படியே. தண்ணீர்த் தூறலும் பனியும் உள்ளே போகாமலிருக்க அதை மாற்று நிலையில் வைத்தால் கம்ப்ரஸருக்கு வரும் காற்றழுத்தம் குறையும், ஐடிடி ஏறும். மழைக்குள் பறந்துவிட்டு அதை மறுபடி வழமைக்குத் திருப்ப மறந்த நாளின் புள்ளியும் பொய்ப் புள்ளி.

வெளிக்காற்று வெப்பமானி இன்னொரு பொய்யன். மேலே போட்ட கணக்கைத் திருப்பிப் பாருங்கள்: 983ஐ 288ஆல் வகுத்தால் ஏறத்தாழ 3.4. வெளிக்காற்றை ஒரு பாகை தவறாக வாசித்தால் ஐடிடியில் மூன்றரைப் பாகைப் பேய் தோன்றும். ஐந்து பாகைப் பிழை என்றால் எஞ்சினைக் கழற்றச் சொல்லும் அளவுக்கு ஒரு பேய்.

கருவியைவிட மனிதன் பெரிய சிக்கல். தோட்டத்துப் பெக்டரியில் ட்ரையர் வெப்பத்தை மணிக்கொரு தடவை எழுதவேண்டிய பலகையை, ஷிப்ட் முடியும்போது ஒரே பேனாவால் வரிசையாக நிரப்பினால் டீமேக்கர் பார்த்தவுடன் பிடித்துவிடுவார். உண்மையான ட்ரையர் ஒருபோதும் அவ்வளவு ஒழுங்காக நிற்காது. எஞ்சின் கொப்பியும் அப்படித்தான். நல்ல தரவு கொஞ்சம் சிதறியே இருக்கும். ஒரு மாதம் முழுக்க நூல் பிடித்தாற்போல ஒரே கோட்டில் புள்ளிகள் விழுந்தால், எஞ்சின் சுகமாக இருக்கிறது என்று மகிழ்வதற்கு முன் நேற்றைய எண்ணைப் பார்த்து இன்று எழுதியவர் யாரென்று விசாரியுங்கள். திட்டுவதற்காக அல்ல. பெரும்பாலும் அந்த விமானிக்கு எழுத நேரம் இருந்திருக்காது, அல்லது தான் எழுதுவதை யாராவது வாசிக்கிறார்கள் என்று அவருக்கு ஒருபோதும் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். விமானிகள் தந்த புள்ளிகளால் வந்த வரைபடத்தை வாரம் ஒருமுறை அவர்களிடமே காட்டுங்கள். எழுத்தின் தரம் மாறுவதைப் பார்ப்பீர்கள்.

கோடு வளைந்தால்

முதலில் கேட்கவேண்டியது, எத்தனை கோடுகள் வளைந்தன என்பது. ஐடிடி மட்டும் ஏறி என்.ஜி.யும் எரிபொருளும் அசையாமல் நின்றால் பெரும்பாலும் அளவிடும் கருவியில்தான் கோளாறு. வெப்பத்தை உண்மையிலேயே கூட்ட எரிபொருள் வேண்டுமே! மூன்றும் ஒரே நாளில் ஒன்றாகக் குதித்தால் டோர்க் காட்டியைச் சந்தேகியுங்கள். அது குறைத்துக் காட்டினால் விமானி அறியாமல் அதிக சக்தி எடுப்பார், மூன்றும் ஏறும். மூன்றும் வாரக்கணக்கில் மெல்ல மெல்லச் சேர்ந்து ஏறினால் கம்ப்ரஸரில் அழுக்கு அல்லது தேய்மானம், அல்லது எங்கோ காற்றுக் கசிவு. ஐடிடியும் எரிபொருளும் ஏறி என்.ஜி. இறங்கினால் சூட்டுப் பகுதியில் பார்வை வையுங்கள்: கம்ப்ரஸர் டர்பைன், அதன் முன்னுள்ள வேன் வளையம், பிளேடு நுனி இடைவெளி. எத்தனை பாகைக்கு, எத்தனை சதவீதத்துக்கு நடவடிக்கை என்பதை உங்கள் எஞ்சினின் பராமரிப்புக் கையேட்டிலிருந்து மட்டும் எடுங்கள். என்னிடமிருந்தோ நண்பரிடமிருந்தோ வேண்டாம்.

வரிசையும் முக்கியம். மறுநாள் அதே நிலைமையில் இன்னொரு புள்ளி. பிறகு கருவிகளைச் சரிபார்த்தல். அதன் பின் கசிவு தேடல். அதற்கும் பிறகு கம்ப்ரஸர் கழுவல். கழுவியும் இறங்கவில்லையென்றால் நொசிலைக் கழற்றி அந்தத் துளை வழியாகப் போரஸ்கோப். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்து, பழுதான ஒரு வயருக்காக நல்ல எஞ்சினைப் பிரித்த கதைகள் தொழிலில் நிறைய உண்டு.

ஏறுவதைக் கண்டு பயப்படுபவர்கள் இறங்குவதைக் கண்டு சந்தோஷப்படுகிறார்கள். எஞ்சின் தானாகக் குணமாகாது. கழுவவுமில்லை, எதையும் மாற்றவுமில்லை, ஆனால் ஐடிடி பத்துப் பாகை இறங்கியிருக்கிறது என்றால், டர்பைன்களுக்கு இடையில் சுற்றிவர நிற்கும் வெப்ப உணரிகளில் ஒன்றிரண்டு செத்திருக்கலாம். விமானி அந்தப் பொய்யான குளிர்ச்சியை நம்பி எல்லை வரை இழுப்பார். எஞ்சின் எல்லையைத் தாண்டி வேகும்.

உப்பு

இலங்கையில் பறக்கும் எந்தச் சிறு விமானத்துக்கும் பெரிய எதிரி உப்புத்தான். கட்டுநாயக்க நீர்கொழும்புக் களப்பை ஒட்டியது, கொக்கல கடலோரம், திருகோணமலை, மட்டக்களப்பு சொல்லவே வேண்டாம். கடற்காற்றின் உப்பு கம்ப்ரஸர் பிளேடுகளில் படிந்து அவற்றின் வடிவத்தைக் கெடுக்கும். ட்ரெண்டில் மூன்று கோடுகளும் மெல்ல ஏறும். அது மட்டுமென்றால் கழுவிவிட்டுப் போகலாம். அதே உப்பு எரிபொருளில் உள்ள கந்தகத்தோடு சேர்ந்து, சூட்டுப் பகுதியில் டர்பைன் பிளேடுகளை அரிக்கத் தொடங்கும். சல்பிடேஷன் என்று பொறியியலாளர்கள் சொல்லும் இந்த அரிப்பு, பிளேட்டின் மேற்பூச்சைத் தின்று உலோகத்துக்குள் இறங்கும். கோட்டில் தெரியும்போது பிளேடு காப்பாற்றும் நிலையைத் தாண்டியிருக்கும்.

காசல்ரீ நல்ல தண்ணீர்தானே, அங்கே போய்வந்தால் உப்புக் கழுவப்பட்டுவிடும் என்ற ஒரு நம்பிக்கை உண்டு. மிதவைக்குப் பொருந்தும், எஞ்சினுக்குப் பொருந்தாது. கடலோரம் பறந்த நாளின் கடைசிப் பறப்புக்குப் பின், எஞ்சின் கையேடு சொல்லும் அளவுக்கு ஆறியதும், நல்ல தண்ணீரால் கம்ப்ரஸரைக் கழுவவேண்டும், டர்பைனையும் கழுவவேண்டும், பிறகு எஞ்சினை ஓட்டி உலர்த்தவேண்டும். தண்ணீரின் தரத்துக்குக் கையேட்டில் எல்லைகள் உண்டு. மஸ்கெலியாவில் பாறையிலிருந்து வழியும் ஓடைநீர் கண்ணாடி போல இருக்கும். அதில் கரைந்திருக்கும் தாதுக்களைச் சோதிக்காமல் எஞ்சினுக்குள் விடாதீர்கள்.

கழுவிய நாளைக் கொப்பியில் குறிப்பது கட்டாயம். கழுவிய மறுநாள் ஐடிடி இறங்கினால் அது வெறும் அழுக்கு. இறங்காவிட்டால் கம்ப்ரஸர் பிளேடுகளே தேய்ந்துவிட்டன, அல்லது கோளாறு வேறிடத்தில். ஒரு வாளித் தண்ணீர் இவ்வளவு சொல்லும்.

கோட்டில் வராதவை

நொசில் ஒன்று அடைபட்டுத் தூவலுக்குப் பதில் தாரையாக ஊற்றினால், அந்தத் தாரை படும் இடத்தில் வேன் வளையம் கருகும். உணரிகள் எல்லாம் சேர்ந்து சராசரியைத்தான் காட்டும்; ஒரு இடத்துச் சூடு அந்தச் சராசரியில் கரைந்துவிடும். அதனால்தான் கோடு எவ்வளவு நேராக இருந்தாலும் நொசில்களைக் குறித்த மணித்தியாலத்தில் கழற்றிச் சோதிக்கவேண்டும்.

பிளேடு முறிவும் அப்படி. பிடி6ஏ-114, 114ஏ எஞ்சின்களில் கம்ப்ரஸர் டர்பைன் பிளேடுகள் முறிந்து சக்தி இழந்த சம்பவங்கள் பல நடந்தபின், 2014இல் அமெரிக்க விமான நிர்வாகமான எஃப்.ஏ.ஏ. அந்தப் பிளேடுகளைப் போரஸ்கோப் விட்டுத் திரும்பத் திரும்பப் பார்க்கும்படி கட்டாய ஆணை பிறப்பித்தது. மிகுந்த வெப்பத்தில் நீண்ட காலம் சுழலும் பிளேடு மெல்ல நீண்டு பலமிழக்கும். முறியும் நாள் வரை சக்தியைக் குறைவின்றித் தரும். ட்ரெண்ட் இதை முன்கூட்டிச் சொல்லும் என்று நம்பி போரஸ்கோப்பைத் தள்ளிப்போடக் கூடாது.

தாங்கிகளும் பற்சக்கரங்களும் தேய்வது எண்ணெயில்தான் தெரியும். இந்த எஞ்சினுக்கு எண்ணெய்ச் செலவின் எல்லை பத்து மணித்தியாலத்துக்கு ஒரு குவார்ட். அளவை எஞ்சின் நிறுத்திய சிறிது நேரத்துக்குள், கையேடு சொல்லும் இடைவெளியில் பாருங்கள். இரவு முழுக்க நின்ற எஞ்சினில் எண்ணெய் தொட்டியிலிருந்து கீழே வடிந்திருக்கும், குறைவாகக் காட்டும், ஒருவர் ஊற்றி நிரப்புவார், மிகுதியை எஞ்சின் வெளியே துப்பும், கொப்பியில் செலவு கூடியதாகப் பதியும். உலோகத் துகள் காட்டியின் எச்சரிக்கையை மட்டும் ஒருநாளும் நாளைக்கு என்று ஒத்திவைக்கக் கூடாது.

எஞ்சின் தொடங்கும்போது ஐடிடி தொடும் உச்சத்தையும் எழுதுங்கள். மலை நீர்த்தேக்கத்தின் இறங்குதுறையில் தரைமின் வண்டியை எதிர்பார்க்க முடியாது. பேட்டரி தளர்ந்திருந்தால் கம்ப்ரஸர் போதிய வேகம் பிடிப்பதற்குள் எரிபொருள் விழும், கேரவனில் என்.ஜி. 12 சதவீதத்தைத் தொடாமல் எரிபொருளைத் திறக்கக் கூடாது. தொடக்க வெப்பத்தின் உச்சம் வாரத்துக்கு வாரம் உயர்வது, பேட்டரியை மாற்றச் சொல்லும் கடிதம்.

மஸ்கெலியாவில் விமானம் என்று பேச்செடுத்தால் மூத்தவர்கள் 1974 டிசம்பர் 4ஐத்தான் சொல்வார்கள். இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ் யாத்திரிகர்களை ஏற்றிவந்த மார்ட்டினேர் டிசி-8, கட்டுநாயக்கவில் இறங்க வரும் வழியில், சப்த கன்னியர் மலையில் மோதியது. 191 பேர். ஒருவரும் மிஞ்சவில்லை. அந்த விமானத்தின் எஞ்சின்கள் மோதும் வரை ஓடிக்கொண்டிருந்தன. தாம் எங்கே இருக்கிறோம் என்பதை விமானிகள் பிழையாகக் கணித்திருந்தார்கள். எந்த எஞ்சின் கொப்பியும் அதைத் தடுத்திருக்காது. இந்த அத்தியாயத்தின் வேலையைப் பெரிதாக்கிப் பேசுபவர்களிடம் நான் இதைச் சொல்வதுண்டு.

ஜெட் வைத்திருப்பவருக்கு

ஹனிவெல் டிஎஃப்இ731, பிராட் அண்ட் விட்னி பிடபிள்யூ500, வில்லியம்ஸ் எஃப்ஜே44 போன்ற எஞ்சின்களில் டோர்க்குக்குப் பதில் விசிறிச் சுழற்சி. மற்றபடி தத்துவம் ஒன்றே. உங்களிடம் இருக்கும் பெரிய வசதியைப் பலர் பயன்படுத்துவதில்லை: எஞ்சின் இரண்டு. இரண்டும் ஒரே காற்றைக் குடிக்கின்றன, ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில். இடது எஞ்சினின் விலகலிலிருந்து வலது எஞ்சினின் விலகலைக் கழித்துத் தனிக் கோடாக வரையுங்கள். வெளிக்காற்று வெப்பமானியின் பொய் அந்தக் கழித்தலிலேயே பெருமளவு அடிபட்டுப்போகும். இரண்டும் சேர்ந்து ஏறினால் கருவியையோ கேபின் காற்றையோ பாருங்கள். ஒன்று மட்டும் பிரிந்து போனால் அந்த எஞ்சினைப் பாருங்கள். மிதவை விமானக்காரருக்குக் கிடைக்காத வரம் இது.

உங்கள் சிக்கல் வேறு. முதலாளி வெளிநாடு போனால் விமானம் வாரக்கணக்கில் சும்மா நிற்கும். சென்னையிலோ இரத்மலானையிலோ கடற்காற்றில் நிற்கும் ஜெட்டுக்கு, பறக்காத நாளும் உப்பு ஏறும் நாள்தான். புள்ளிகள் அரிது என்பதால் ஒவ்வொரு புள்ளியின் தரமும் முக்கியம். மணித்தியாலத்துக்கு இவ்வளவு என்று கட்டும் எஞ்சின் பராமரிப்புத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், ட்ரெண்ட் தரவையும் எண்ணெய் மாதிரிகளையும் உரிய காலத்தில் அனுப்பும் கடமை ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்று வாசியுங்கள். தரவு தானாகப் போகிறது என்று நினைத்திருப்பீர்கள். அனுப்பும் பெட்டியின் சந்தா முடிந்து மாதங்கள் ஆகியிருக்கும்.

கடைசியாக, கொப்பியை எப்போது புதிதாகத் தொடங்குவது என்பது. பிடி6ஏ-114ஏக்கு வழமையான சூட்டுப் பகுதிச் சோதனை 1800 மணித்தியாலத்தில், முழுப் பிரிப்பு 3600இல். ஒழுங்காக ட்ரெண்ட் பார்ப்பவருக்கு, சூட்டுப் பகுதியை மணிக்கணக்குக்குப் பதிலாக நிலைமை பார்த்துத் திறக்கும் வழியை உற்பத்தியாளர் வைத்திருக்கிறார். அதற்கு உங்கள் நாட்டு அதிகாரசபை ஏற்ற பராமரிப்புத் திட்டத்தில் இடம் வேண்டும். எந்த வழியானாலும், சூட்டுப் பகுதியைத் திறந்து மூடிய அன்று, எஞ்சினை மாற்றிய அன்று, டோர்க் காட்டியையோ வெப்ப உணரியையோ மாற்றிய அன்று, பழைய கோட்டின் கீழ் ஒரு சிவப்புக் கோடு போட்டுத் திகதியும் காரணமும் எழுதுங்கள். அதன் பிறகு வரும் புள்ளிகள் புதிய பேஸ்லைனுக்கு உரியவை. பழைய கொப்பியை எறியாமல் எஞ்சினோடு அனுப்புங்கள். அதை அடுத்துப் பிரிக்கும் பட்டறைக்காரர் கேட்பார்.